அன்பியக் கூட்டத்தில் புனித பெர்பேத்துவாவின் வரலாற்றைச் சொல்லும் முறை

மார்ச் 7 அன்று நாம் நினைவுகூரும் பெர்பேத்துவா, பெலிசித்தா ஆகிய மறைசாட்சிகளின் (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின்) வரலாற்றை, வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு வீட்டில் கூடும் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழுவில்) பத்து நிமிடம் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், அவர்கள் கொல்லப்பட்ட அரங்கையும் அங்கே ஏவப்பட்ட கொடிய மிருகங்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிறையிலிருந்து தொடங்குங்கள். இவர்கள் வரலாற்றைச் சொல்லும் பழைய மூலநூலில் அந்தச் சிறைப் பகுதியைப் பெர்பேத்துவாவே எழுதினார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பின்னணிக்கு ஒரு நிமிடம் போதும்: 203ஆம் ஆண்டு, இன்றைய துனிசியாவிலுள்ள கார்த்தேஜ் நகரம், ஏறத்தாழ 22 வயதில் கைக்குழந்தையோடு கைதான தாய்.

கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைவிடும்படி அவர் மனத்தை மாற்றத் தந்தை வந்தபோது, அங்கிருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதை வேறு பெயரிட்டு அழைக்க முடியுமா என்று கேட்டார் பெர்பேத்துவா. முடியாது என்றதும், தம்மையும் கிறிஸ்தவள் என்றல்லாமல் வேறு எப்படியும் சொல்லிக்கொள்ள இயலாது என்றார். நம் ஊர் மார்ச் வெயிலுக்குத் தண்ணீர்ப் பானை வைத்திருக்கும் வீடாயின், அந்தப் பானையையே காட்டிச் சொல்லுங்கள்.

அடுத்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இருட்டும் நெரிசலும் புழுக்கமும் நிறைந்த அந்தச் சிறையில், தெர்சியு, பொம்போனியு என்னும் திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்துச் சற்று நல்ல இடத்துக்கு வழிசெய்தபோது, பசியால் சோர்ந்திருந்த குழந்தைக்கு அவர் பாலூட்டினார். பின்னர் குழந்தை தம்முடனேயே தங்க அனுமதி கிடைத்ததும், சிறையே தமக்கு அரண்மனையாயிற்று என்று எழுதினார்.

தந்தையைக் கொடியவராகச் சித்திரிப்பது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து. அவர் மகளின் கைகளை முத்தமிட்டுக் காலில் விழுந்து அழுதவர். ஆளுநர் இலாரியானு அவரைப் பிரம்பால் அடிக்கச் செய்தபோது, அந்த அடி தம்மீதே விழுந்ததுபோல் மகள் துடித்தார்.

பெலிசித்தா ஓர் அடிமைப் பெண்தான். ஆயினும் பெர்பேத்துவாவின் அடிமை என்று மூலநூல் சொல்லவில்லை. எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த அவர் சிறையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். கைதானபின் பெர்பேத்துவாவின் கணவரைப் பற்றி நூல் மௌனமாயிருப்பதால், நாமும் கதை கட்டக் கூடாது.

இறப்பை வேறொருவர் எழுதியிருக்கிறார். பயிற்சியற்ற வீரனின் தடுமாறிய கையைத் தம் கழுத்துக்குப் பெர்பேத்துவாவே வழிநடத்தினார் என்பதோடு நிறுத்தி, அரை நிமிட மௌனத்துக்குப் பின் மன்றாட்டுகளைத் தொடங்குங்கள். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டு, அடுத்த ஞாயிறு திருப்பலியில் குரு சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டை, விட்டுவிடக்கூடிய புனிதர் பெயர்களையும் சேர்த்து முழுமையாகப் பயன்படுத்தச் செய்தால், இவ்விருவர் பெயரையும் பீடத்திலிருந்தே மக்கள் கேட்பார்கள்.