அதிகாலை 3 மணியிலிருந்து மீண்ட கதை

கல்லூரி முடிந்த மூன்றாவது மாதம் என் தூக்கம் தலைகீழானது. வேலை தேடுகிறேன் என்று பெயர். படுக்க அதிகாலை 3 ஆகும், எழ 11 ஆகும். முதல் வகுப்புக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று அப்போது உறைக்கவில்லை.

முதலில் செய்தது தப்பு. பத்து மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தேன். மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். பன்னிரண்டானால் கை தானாகப் போனைத் தேடும்.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தினமும் திருத்தாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டே போகும். திருத்துவது காலை வெளிச்சம். இரவு வெளிச்சமோ இன்னும் பின்னுக்குத் தள்ளும். நான் இரண்டாவதை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்!

சரி என்று, படுக்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைப் பிடித்தேன். ஒரேயடியாக அல்ல, இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால். எழுந்ததும் வெளியே 20 நிமிட நடை. மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சத்துக்கு அறைவிளக்கு ஈடாகாது. சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றினேன். அலாரமும் அங்கேயே அடிப்பதால் எழுந்து நடந்தே ஆக வேண்டும். முதல் வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது வாரம் 7 மணிக்கு, அலாரத்துக்கு முன்பே கண் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் எட்டரை. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.