கார் இல்லாமல் மூன்று நாடுகள்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்கு வந்து இறங்கிய முதல் வருடத்தில் பலருக்கும் ஒரு ஆசை வரும். வரைபடத்தைப் பார்த்தால் மொசாம்பிக், ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, சாம்பியா எல்லாம் பக்கத்திலேயே தெரிகின்றன. நாலைந்து நாள் லீவு கிடைத்தால் ஒரு சுற்று சுற்றிவிடலாமே என்று தோன்றும். லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை, கார் வாங்கவில்லை, அதனால் என்ன, பஸ் இருக்கிறதே என்று கணக்குப் போடுவார்கள்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே சுமார் 1,100. நடுவில் பெய்ட்பிரிட்ஜ் எல்லை. டிசம்பர் நடுவில் கம்பெனிகள் மூடியதும் ஊருக்குப் போகும் கூட்டம் முழுவதும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகும்; மணிக்கணக்கில் வரிசை நிற்கும். ஈஸ்டர் சமயமும் அப்படித்தான். உங்கள் ஐந்து நாள் லீவில் மூன்று நாளைப் பஸ் ஜன்னலிலேயே கழிக்க வேண்டாம்.

என் யோசனை இதுதான்: நாடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே விமானத்தில் போய் இறங்குங்கள். தரையில் கொஞ்ச தூரம் மட்டும் நகருங்கள். வேறு ஊரிலிருந்து திரும்புங்கள்.

அப்படி ஒரு மூலை ஜாம்பசி நதிக்கரையில் இருக்கிறது. சாம்பியாவின் லிவிங்ஸ்டன், ஜிம்பாப்வேயின் விக்டோரியா ஃபால்ஸ், போட்ஸ்வானாவின் கசானே. மூன்றையும் இணைக்கும் சாலைத் தூரம் சுமார் நூறு கிலோமீட்டர், அவ்வளவுதான். மூன்று ஊர்களுக்கும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஏர்லிங்க் நேராகப் பறக்கிறது. பறக்கும் நேரம் சுமார் இரண்டு மணி நேரம். டர்பனில் இருப்பவர்கள் ஜோகன்னஸ்பர்க் வந்து மாற வேண்டும்.

லிவிங்ஸ்டனில் இறங்கி இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து எல்லைக்கு டாக்சி. சாம்பியா முத்திரை குத்தியதும் விக்டோரியா ஃபால்ஸ் பாலம், 1905-இல் கட்டியது. நடந்தே கடக்கலாம். ஒரு எல்லை அலுவலகத்திலிருந்து அடுத்ததற்கு நல்ல நடை தூரம், வெயிலும் உண்டு, ஆகவே பெட்டி பெரிதாக இருந்தால் டாக்சி பிடியுங்கள். பபூன் குரங்குகள் வழியெல்லாம் உட்கார்ந்திருக்கும். கையில் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்கும். தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.

விக்டோரியா நீர்வீழ்ச்சி 1,708 மீட்டர் அகலம், நூறு மீட்டருக்கு மேல் உயரம். அதன் பெரும்பகுதி ஜிம்பாப்வே பக்கமிருந்துதான் நன்றாகத் தெரியும். மாதம் பார்த்துப் போவது முக்கியம். ஏப்ரல் வாக்கில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். சாரல் மேலே எழும்பி மழைபோலக் கொட்டும், எதிரே என்ன இருக்கிறது என்றே சில நேரம் தெரியாது, உள்ளாடை வரை நனைவீர்கள். பாஸ்போர்ட்டையும் போனையும் இழுத்து மூடும் பிளாஸ்டிக் உறையில் போடாமல் உள்ளே போகாதீர்கள். அக்டோபர், நவம்பரில் சாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறைதான். நான் ஜூன், ஜூலையைச் சொல்வேன்: தண்ணீரும் இருக்கும், கண்ணுக்கும் தெரியும். அது குளிர்காலம், காலையில் ஸ்வெட்டர் வேண்டும்.

அப்புறம் கசானே. விக்டோரியா ஃபால்ஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தங்கும் விடுதியிலேயே வேன் ஏற்பாடு செய்துதருவார்கள். பெரும்பாலும் ஜிம்பாப்வே வண்டி உங்களை கசுங்குலா எல்லையில் இறக்கிவிடும், அந்தப் பக்கம் போட்ஸ்வானா வண்டி காத்திருக்கும். போட்ஸ்வானாவுக்குள் நுழையும்போது மருந்து ஊறிய மிதியடி ஒன்றில் செருப்போடு ஏறி மிதிக்கச் சொல்வார்கள். ஆடுமாடுகளுக்கு வரும் கோமாரி நோய் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. பையில் இருக்கும் மற்ற செருப்புகளையும் எடுக்கச் சொல்லலாம். இறைச்சி, பால் பொருள்களுக்கும் கெடுபிடி உண்டு, அதனால் தயிர்சாதத்தை எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மாலையில் சோபே நதியில் படகு. யானைகள் கூட்டமாகத் தண்ணீருக்கு இறங்கும், எதிர்க்கரை நமீபியா. அடுத்த நாள் கசானேயிலிருந்தே ஜோகன்னஸ்பர்க் திரும்பிவிடலாம்.

இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒரே ஒரு முறைதான் நுழைகிறீர்கள். விக்டோரியா ஃபால்ஸில் தங்கிக்கொண்டு ஒரு நாள் லிவிங்ஸ்டன் போய்த் திரும்பினால் ஜிம்பாப்வேக்குள் இரண்டாவது முறை நுழைய வேண்டிவரும், விசா அதற்கு இடம் கொடுக்க வேண்டும். சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் சேர்த்து காசா (KAZA) யூனிவிசா என்று ஒன்று உண்டு: 50 டாலர், 30 நாள். அதில் கசுங்குலா வழியாக போட்ஸ்வானாவுக்குப் பகலில் போய்த் திரும்பலாம், இரவு தங்க முடியாது. சில நாட்டு பாஸ்போர்ட்டுகளுக்குத்தான் அது கிடைக்கும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஒரு விதி, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஒரு விதி, கணவன் மனைவிக்கு வேறு வேறு பாஸ்போர்ட் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நண்பர் போனார், விசா கேட்கவில்லை என்பதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள்.

இதைவிடப் பெரியது தென்னாப்பிரிக்க விசா. திரும்பி உள்ளே வர அது அனுமதிக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், பதில் கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். காலாவதியான விசாவோடு எல்லையில் மாட்டினால் 12 மாதமோ 5 வருடமோ திரும்பி வர முடியாதபடி தடை போட்டுவிடுவார்கள். வேலை, வாடகை வீடு, பிள்ளையின் பள்ளி எல்லாம் இங்கே இருக்க, நீங்கள் வெளியே நிற்பீர்கள். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்களையும் எண்ணுங்கள், ஒவ்வொரு எல்லையிலும் இரண்டு முத்திரை விழும். பிள்ளைகளோடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் கையில் வையுங்கள்.

விமானச் செலவு கட்டுப்படியாகாது என்றால் மொசாம்பிக்கின் தலைநகர் மபுட்டோ இருக்கிறது. சுமார் 550 கிலோமீட்டர், ஜோகன்னஸ்பர்க் பார்க் ஸ்டேஷனிலிருந்து பஸ். பகல் வண்டியாகப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு கவ்ட்ரெயினிலோ ஊபரிலோ போங்கள், சுற்றியுள்ள தெருக்களில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள். எல்லையில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று முத்திரை வாங்கி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். பஸ் நம்பரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மாதிரி நாலு பஸ் நிற்கும். ஃபாரம் நிரப்பித் தருகிறேன் என்று வருபவர்களிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வழிகாட்டியோடு ஜீப்பில் சானி பாஸ் மலைப்பாதையில் ஏறி லெசோத்தோவைத் தொட்டுவிட்டு வரலாம், அதற்கும் பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை லெசோத்தோவிலும் எஸ்வாட்டினியிலும் (பழைய சுவாசிலாந்து) நம் ராண்டே செல்லும். அந்த ஊர் நோட்டு இங்கே செல்லாது, மீதியை ராண்டில் கேட்டு வாங்குங்கள். ஜிம்பாப்வேயில் அமெரிக்க டாலர்தான் கைகொடுக்கும். ஒன்று, ஐந்து என்று சில்லறையாகக் கொண்டுபோங்கள், கிழிசல் நோட்டு வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். சாம்பியாவில் ன்ஷிமா, ஜிம்பாப்வேயில் சட்சா, இரண்டுமே நம்ம ஊர் களி மாதிரி, வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டியது. கூடவே கீரையும் பீன்ஸும் கிடைக்கும்.

கடைசியாக மலேரியா. ஜோகன்னஸ்பர்க்கில் அது கிடையாது என்பதால் வீட்டில் யாரும் அதை யோசிப்பதில்லை. ஜாம்பசிக் கரையிலும் மொசாம்பிக்கிலும் உண்டு, மழைக்காலத்தில் அதிகம். கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குங்கள், திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் போடுங்கள். வந்த சில வாரங்களில் காய்ச்சல் அடித்தால் சளிக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய், எந்த நாட்டுக்குப் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.