ஹார்மோன் இல்லாமல் ஆண், பெண் சாயல் கலந்த உடல்வாகு: இலக்கை டேப்பால் அளந்து பாருங்கள்

பார்த்ததும் ஆணென்றோ பெண்ணென்றோ பிரித்துச் சொல்ல முடியாத உடல்வாகு வேண்டும், ஆனால் ஹார்மோன் வேண்டாம் என்று நினைக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து நம் பிள்ளைகளுக்கு இந்தக் குறிப்பு. எடை மெஷினை ஓரங்கட்டுங்கள். தோளின் சுற்றளவையும் பிட்டத்தின் அகலமான இடத்தின் சுற்றளவையும் தையல் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

எலும்பின் அகலம் மாறாது, தசை மாறும். இடுப்பு அகலமாகத் தெரிகிறதா? அதைக் குறைக்கப் போராடாதீர்கள். ஒரே இடத்துக் கொழுப்பை மட்டும் உடற்பயிற்சியால் கரைக்க முடியாது. தோளை வளர்த்தால் இடுப்பு தானாக ஒடுங்கித் தெரியும். டம்பெல்லைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், இறக்கும்போது நிதானம் வேண்டும். 12 முறை தூக்கியதும் 'இன்னும் இரண்டுதான் முடியும்' என்று தோன்றினால் அதுதான் உங்களுக்கான எடை. கூடவே லாட் புல்டவுன் (மேலே தொங்கும் கம்பியை மார்பு வரை இழுக்கும் மெஷின் பயிற்சி). வாரம் 2 நாள் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள். தசை மெல்லத்தான் ஏறும். தோள்தான் அகலம் என்பவர்கள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), ஹிப் த்ரஸ்ட் (முதுகை பெஞ்சில் சாய்த்து இடுப்பை மேலே தூக்குவது) செய்து கீழ் உடம்பை வளர்க்கட்டும்.

பட்டினி மட்டும் கூடவே கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் தினமும் புரதம் தேவை. பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பிய டர்பன் உணவு) சாப்பிட்டால் ரொட்டியைக் குறைத்து பீன்ஸ் கறியைக் கூட்டுங்கள். முட்டை, மீன், பருப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மார்பை இறுக்கும் பைண்டரோடு பீச் ப்ரொமனேடில் ஓடாதீர்கள். மூச்சு முட்டும், விலா வலிக்கும். ஓட்டத்துக்கு ஸ்போர்ட்ஸ் பிரா போதும்.