பைவீக்லி: வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா?

‘பைவீக்லி’ என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு நல்ல அகராதியில் தேடிப் பாருங்கள். இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, வாரத்துக்கு இரண்டு தடவை. மற்றது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இதுதான் சரி, அது பிழை என்று அகராதி தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டுமே வழக்கில் இருப்பதால் இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறது. ‘பைமன்த்லி’யும் அப்படித்தான்: மாதம் இருமுறை என்றும் கொள்ளலாம், இரு மாதத்துக்கு ஒருமுறை என்றும் கொள்ளலாம். எனவே இந்தச் சொல்லைப் பார்த்துத் தடுமாறினால், நம் ஆங்கிலம் போதவில்லை என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். குழப்பம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வேலை ஒப்பந்தம், வீட்டுத் துப்புரவுச் சேவை, துணைப்பாட வகுப்பு, அலுவலகக் கூட்டம், மருந்துச் சீட்டு என்று சிங்கப்பூரில் இந்தச் சொல் எங்கேயும் எதிர்ப்படும். அதை எப்படிப் படிப்பது, எப்படிக் கேட்டுத் தெளிவது, அதற்குப் பதிலாக எதை எழுதுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ‘இரு’ எங்கே நிற்கிறது?

‘பை’ என்ற முன்னொட்டு லத்தீனிலிருந்து வந்தது. பொருள்: இரண்டு. பைசிக்கிள் என்றால் இரண்டு சக்கரம். 2019இல் சிங்கப்பூர் ‘பைசென்டெனியல்’ கொண்டாடியது. 1819இல் ராஃபிள்ஸ் இங்கு வந்திறங்கி இருநூறு ஆண்டு நிறைந்ததைக் குறித்த நிகழ்வு அது. அங்கே ‘இரண்டு’ என்பது நூற்றோடு ஒட்டி இருநூறு ஆகிறது. யாருக்கும் ஐயம் வராது.

‘வீக்லி’யோடு சேரும்போதுதான் சிக்கல். வீக்லி என்றாலே ‘வாரத்துக்கு ஒருமுறை’. அதற்குள் ‘வாரம்’ இருக்கிறது, ‘முறை’யும் இருக்கிறது. முன்னால் வந்து நிற்கும் இரண்டு எதைப் பெருக்குகிறது, வாரத்தையா, முறையையா? ஆங்கிலச் சொல் அதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

தமிழில் அப்படி மறைக்க முடியாது. ‘வாரமிருமுறை’ என்றால் இரண்டு முறையோடு சேர்ந்துவிட்டது. ‘இருவாரத்துக்கு ஒருமுறை’ என்றால் வாரத்தோடு சேர்ந்துவிட்டது. மாதமிருமுறை இதழுக்கும் இருமாத இதழுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் வாசகர் அட்டையைப் பார்த்ததுமே அறிவார். இந்த வசதியையே சோதனைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பை’ என்று தொடங்கும் கால அளவுச் சொல் கண்ணில் பட்டதும் இரண்டு தமிழ்த் தொடர்களையும் தாளில் எழுதுங்கள். ‘இரு’வை எங்கே வைப்பது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், செய்தி இன்னும் முழுதாக உங்களுக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

படி 2: தவறினால் எவ்வளவு தவறும் என்று கணக்குப் போடுங்கள்

பலரும் இது இரண்டு மடங்கு பிழை என்று எண்ணுகிறார்கள். நான்கு மடங்கு.

வாரமிருமுறை என்றால் ஆண்டுக்கு 104 தடவை. இருவாரத்துக்கு ஒருமுறை என்றால் 26. மாதமிருமுறை 24, இருமாதத்துக்கு ஒருமுறை 6. எந்தச் சோடியை எடுத்தாலும் பெரிய எண் சிறிய எண்ணைப் போல் நான்கு மடங்கு.

வீட்டைச் சுத்தம் செய்ய வருபவருக்கு ஒரு வருகைக்கு 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருவாரத்துக்கு ஒருமுறை என்று நீங்கள் நினைத்திருந்தால் ஆண்டுச் செலவு 2,080 வெள்ளி. ஒப்பந்தம் வாரமிருமுறை என்று சொல்லியிருந்தால் 8,320 வெள்ளி. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிடுங்கள்.

மருந்தில் இந்த நான்கு மடங்கு ஆபத்தானது. மூட்டுவாத நோய்க்குத் தரப்படும் அடாலிமுமாப் ஊசியை வழக்கமாக இருவாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். அதை வாரமிருமுறை என்று யாராவது படித்துவிட்டால் நான்கு மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். மருந்துச் சீட்டிலோ ஊசி அட்டவணையிலோ இந்தச் சொல் இருந்தால் ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். பலதுறை மருந்தகமோ மருத்துவமனையோ, மருந்து கொடுக்கும் இடத்திலேயே “அடுத்த ஊசி எந்தத் தேதி?” என்று கேட்டு, அந்தத் தேதியைப் பெட்டியின் மேல் எழுதி வாங்குங்கள். பெற்றோருக்காக மருந்து வாங்கிச் செல்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

படி 3: சூழலில் துப்புத் தேடுங்கள்

சம்பளம் பற்றிய கடிதமா? சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி சம்பளத்தைக் குறைந்தது மாதம் ஒருமுறை கொடுத்தாக வேண்டும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எனவே அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியரின் ஒப்பந்தத்தில் ‘பைமன்த்லி’ என்று இருந்தால் அது மாதமிருமுறையாகத்தான் இருக்க முடியும். இருமாதத்துக்கு ஒருமுறை சம்பளம் என்பது சட்டத்துக்கு ஒவ்வாது. இப்படிச் சட்டமோ வழக்கமோ ஒரு பொருளை முற்றாக அடைத்துவிடும் இடங்களில் கவலை இல்லை.

அமெரிக்க நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் ‘பைவீக்லி’ என்று இருந்தால் பெரும்பாலும் இருவாரத்துக்கு ஒருமுறை. ஆண்டுச் சம்பளத்தை 26ஆல் வகுத்துப் பாருங்கள். 52,000 வெள்ளி என்றால் ஒரு தவணை 2,000 வெள்ளி. மாதமிருமுறையாக இருந்தால் 24ஆல் வகுக்க வேண்டும். ஒரு தவணை 2,166 வெள்ளி 67 காசு. கடிதத்தில் உள்ள தொகை எதனோடு பொருந்துகிறதோ அதுவே விடை. தொகை பொய் சொல்லாது என்பதால், கிடைக்கும் துப்புகளில் இதைத்தான் முதலில் நம்பலாம்.

கிழமைகளும் காட்டிக்கொடுக்கும். டோட்டோ குலுக்கல் திங்கள், வியாழன் என்று இரண்டு கிழமை சொல்லி நடக்கிறது, அது வாரமிருமுறை. ஒரே ஒரு கிழமை சொல்லி ‘பைவீக்லி’ என்றால் வாரம் விட்டு வாரம் என்று கொள்ளலாம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 6 மாதக் கருவூலப் பத்திர ஏலம் இந்த வகை: இருவாரத்துக்கு ஒருமுறை.

சில இடங்களில் இரண்டு கால அளவுகள் சேர்ந்தே வரும். மின்கட்டணம் மாதந்தோறும் வரும்; ஆனால் பழைய வகை மீட்டரை நேரில் வந்து குறிப்பது இருமாதத்துக்கு ஒருமுறை, இடைப்பட்ட மாதம் மதிப்பீடு. எந்தச் செயலைப் பற்றிய அளவு இது என்று பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தால் இங்கே வழுக்கும்.

படி 4: கேட்கும் விதம்

“இஸ் இட் பைவீக்லி?” என்று கேட்டால் “யெஸ்” என்றுதான் பதில் வரும். கேட்டவர் ஒன்றை நினைத்திருப்பார், சொன்னவர் இன்னொன்றை நினைத்திருப்பார். அந்தச் சொல்லையே கேள்வியில் பயன்படுத்தக் கூடாது. “எவ்ரி டூ வீக்ஸ், ஆர் ட்வைஸ் எ வீக்?” என்று இரண்டையும் முன்னால் வையுங்கள்.

அதைவிடச் சிறந்தது, அடுத்த மூன்று தேதிகளைக் கேட்பது. ஒரு தேதி போதாது. இரண்டு தேதி இருந்தால் இடைவெளி தெரியும். மூன்று இருந்தால் அது 14 நாள் இடைவெளியா, மாதத்தின் 1, 15 என்ற நிலையான தேதிகளா என்பதும் தெரிந்துவிடும். மேலதிகாரியிடம் கேட்கத் தயங்குபவர்களும் தேதியைக் கேட்கத் தயங்க மாட்டார்கள். அது வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற அக்கறையாகவே படும்.

படி 5: நீங்கள் எழுதும்போது

எங்கள் கருத்து உறுதியானது: ‘பைவீக்லி’, ‘பைமன்த்லி’ இரண்டையும் எழுதவே வேண்டாம். சரியான பொருளில் நீங்கள் எழுதினாலும் படிப்பவர் மற்றப் பொருளில் படிக்கலாம். பதிலாக:

வாரமிருமுறைக்கு ‘ட்வைஸ் எ வீக்’.
இருவாரத்துக்கு ஒருமுறைக்கு ‘எவ்ரி டூ வீக்ஸ்’ அல்லது ‘எவ்ரி அதர் வீக்’.
மாதமிருமுறைக்கு ‘ட்வைஸ் எ மன்த்’; முடிந்தால் தேதிகளோடு.
இருமாதத்துக்கு ஒருமுறைக்கு ‘எவ்ரி டூ மன்த்ஸ்’.

‘ஃபோர்ட்நைட்லி’ என்ற சொல்லும் நல்லதுதான். பதினான்கு இரவு என்ற பழைய ஆங்கிலத் தொடர் சுருங்கி வந்த சொல் அது, வேறு பொருளே கிடையாது. பள்ளிகளில் ஆங்கிலத்தில் ‘ஃபோர்ட்நைட்’ எனப்படும் தாய்மொழி இருவாரம் நடப்பதால் சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சொல். ஆனால் அமெரிக்க சக ஊழியர்களிடம் எடுபடாது. அங்கே அது அன்றாட வழக்கில் இல்லை.

‘செமி’ என்றால் பாதி. செமி-மன்த்லி என்றால் அரை மாதத்துக்கு ஒருமுறை, அதாவது மாதமிருமுறை. செமி-ஆன்யுவல் என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை. சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரங்களின் வட்டி இப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ‘செமி’யில் இரட்டைப் பொருள் இல்லை.

ஆண்டுக்கு வரும்போது ஆங்கிலம் இரண்டு தனிச் சொற்களை வைத்திருக்கிறது. ‘பை-ஆன்யுவல்’ பொதுவாக ஆண்டுக்கு இருமுறை. ‘பை-எனியல்’ ஈராண்டுக்கு ஒருமுறை. 2006இல் தொடங்கிய சிங்கப்பூர் பியெனாலே கலைவிழாவின் பெயர் இரண்டாவதன் உறவு. 3 முதல் 10 வயது வரையுள்ள கார்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் கேட்கும் சோதனையும் ஈராண்டுக்கு ஒருமுறைதான்; 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும். ஆனாலும் இவ்விரு சொற்களும் ஓரிரு எழுத்துத் தடுமாற்றத்தில் மாறிப்போகும். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் என்றே எழுதுங்கள். இல்லப் பணிப்பெண்களுக்கான மருத்துவப் பரிசோதனையை மனிதவள அமைச்சு ‘சிக்ஸ் மன்த்லி’ என்றே எண்ணோடு அழைக்கிறது. பின்பற்றத் தக்க முறை.

தமிழில் எழுதும்போதும் ஒரு பள்ளம் உண்டு. இருவாரத்தை நாம் பேச்சில் ‘பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை’ என்போம். இருவாரம் 14 நாள். திங்கட்கிழமையோடு 15 நாளைக் கூட்டினால் செவ்வாய் வந்து நிற்கும். பேச்சுக்குச் சரி, ஒப்பந்தத்துக்கு ஆகாது. அதேபோல ‘மாதமிருமுறை’யும் ‘இருவாரத்துக்கு ஒருமுறை’யும் ஒன்றல்ல. ஆண்டுக்கு 24, 26 என்று இரண்டு தடவை வித்தியாசம். பிரதோஷம் இரண்டிலும் அடங்காது: வளர்பிறை, தேய்பிறைத் திரயோதசிகளில் வருவதால் இடைவெளி சராசரியாக 14¾ நாள், ஆண்டுக்கு 24 அல்லது 25. கோயில் அறிவிப்புக்கு எந்தச் சொல்லும் போதாது, தேதிப் பட்டியல்தான் வேண்டும்.

படி 6: நாட்காட்டியில் பதியும் முறை

‘பைவீக்லி’ என்று தலைப்பில் மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். கூகல் நாட்காட்டியில் நிகழ்வைத் திறந்து, ‘டஸ் நாட் ரிப்பீட்’ என்ற இடத்தைத் தட்டி ‘கஸ்டம்’ தேர்ந்தெடுங்கள். ‘ரிப்பீட் எவ்ரி’ என்பதில் 2, பக்கத்தில் ‘வீக்’. பிறகு கிழமை. ஐபோன் நாட்காட்டியில் ‘எவ்ரி 2 வீக்ஸ்’ என்று தயாராகவே இருக்கும். வாரமிருமுறை என்றால் எண் 1ஆகவே இருக்கட்டும். இரண்டு கிழமைகளைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் எண்ணை 2 என மாற்றி, கிழமைகளையும் இரண்டாகத் தட்டிவிடுவார்கள். அப்போது வாரம் விட்டு வாரம் இரண்டு நாள் வரும், கேட்டது அதுவல்ல.

தொடக்கத் தேதிதான் உயிர்நாடி. இருவாரத்துக்கு ஒருமுறை என்று இருவரும் ஒப்புக்கொண்டு, ஒருவர் இந்த வாரத்திலிருந்தும் மற்றவர் அடுத்த வாரத்திலிருந்தும் எண்ணினால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். “2026 ஜனவரி 2, வெள்ளி முதல்” என்று எழுதுங்கள். அந்தத் தேதியில் தொடங்கும் சம்பளம் 2026இல் ஜனவரியிலும் ஜூலையிலும் மூன்று தடவை வரும், மற்ற மாதங்களில் இரண்டு. மாதக் கடன் தவணை கட்டுபவர்கள் அந்த மூன்றாவது தொகையைக் கூடுதல் வருமானம் என்று செலவழித்துவிடாமல், இரண்டு தவணை மாதங்களின் பற்றாக்குறைக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி அட்டவணைகளில் வரும் ஒற்றை வாரம், இரட்டை வாரம் முறையை அலுவலகத்திலும் சிலர் வார எண்ணைக் கொண்டு செய்கிறார்கள். பள்ளியில் தவணை தொடங்கியதும் மீண்டும் முதல் வாரம் என்று எண்ணுவதால் அங்கே சிக்கல் வராது. அனைத்துலக வார எண் முறையில் சில ஆண்டுகளுக்கு 53 வாரம் உண்டு. 2026 அப்படிப்பட்ட ஆண்டு. 53ஆம் வாரம் ஒற்றை, அதை அடுத்து வரும் 2027இன் முதல் வாரமும் ஒற்றை. ஒற்றை வாரக் கூட்டம் அடுத்தடுத்து இரண்டு வாரம் வந்து நிற்கும். வார எண்ணை வைத்து அட்டவணை போட்டிருப்பவர்கள் 2026 டிசம்பர் 28இல் தொடங்கும் வாரத்தை இப்போதே குறித்துவைத்து, அதற்குப் பின் வரும் தேதிகளைக் கையால் திருத்திவிடுங்கள்.