70-300 லென்ஸும் அதிர்வுக் கட்டுப்பாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு மாலை ஐந்தரை மணிக்கு, என் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸை 300 மி.மீ. வரை நீட்டி நான் எடுத்த இரண்டு படங்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். முதல் படத்தில், கூட்டின் விளிம்பில் அசையாமல் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையின் மார்பு இறகுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. அடுத்த நிமிடம் எடுத்த படத்தில் அதே நாரை இறக்கையை விரிக்கிறது. மரக்கிளைகள் துல்லியமாக இருக்க, இறக்கைகள் மட்டும் ஈரத்தாளில் ஊறிய மைபோலக் கலங்கியிருக்கின்றன. இரண்டும் 1/80 நொடியில் எடுத்தவை. இரண்டின்போதும் அதிர்வுக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

லென்ஸுக்குள் இருக்கும் கைரோ உணரிகள் கேமரா மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ சாய்வதைக் கண்டறிகின்றன; உடனே ஒரு சிறு கண்ணாடித் தொகுதி அதற்கு ஈடாக நகர்ந்து, பிம்பத்தைச் சென்சாரின் மேல் ஒரே இடத்தில் நிறுத்தப் பார்க்கிறது. எதிரே நாரை பறக்கிறதா, நாணல் காற்றில் ஆடுகிறதா என்பதை அறிய அதற்கு வழியே இல்லை. எஸ்எல்ஆர் கேமராவுக்கான லென்ஸ்களில் இந்த வசதி முதலில் வந்தது 1995இல், கேனனின் 75-300 ஐஎஸ் லென்ஸில். கேனன் இதை ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர் என்கிறது. டாம்ரானில் விசி, சிக்மாவில் ஓஎஸ். செய்யும் வேலை ஒன்றுதான்.

பெயர்க் குழப்பத்தால் கடையிலேயே ஏமாறுபவர்களும் உண்டு. கேனனில் மலிவாகக் கிடைக்கும் 75-300 மூன்றாம் பதிப்பில் ஐஎஸ் கிடையாது. 2005இல் வந்த 70-300 ஐஎஸ் யுஎஸ்எம் லென்ஸிலும், 2016இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலும் இருக்கிறது. எண்களில் ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பக்கவாட்டில் ஐஎஸ் பொத்தானைத் தேடிய நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு மாடல். இனிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

மிகப் பெரிய தவறு, விளம்பரத்தில் சொல்லப்படும் ‘மூன்று ஸ்டாப்’ (ஒளி ஒருமுறை இருமடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) என்ற கணக்கை எல்லாப் படத்துக்கும் பொருத்துவது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்துக்கு ஈடாக, அதாவது 300 மி.மீ.க்கு 1/300 நொடியாக, இருக்க வேண்டும் என்பது பழைய விதி. சிறிய சென்சார் கொண்ட, காட்சியை 1.6 மடங்கு வெட்டும் ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. என்பது 480 மி.மீ.க்குச் சமம் என்பதால், ஏறத்தாழ 1/500 நொடி தேவை. அதிலிருந்து மூன்று ஸ்டாப் இறங்கினால் 1/60 நொடி. கோபுரத்துச் சுதைச் சிற்பத்துக்கு இந்த 1/60 போதும், அங்கே இந்த லென்ஸ் தரும் சுகமே தனி. ஆனால் கிளையில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான்கூட நொடிக்கு நொடி தலையைத் திருப்பும். ஆகவே உட்கார்ந்த பறவைக்கு 1/250, நடப்பதற்கு 1/500, பறப்பதற்குக் குறைந்தது 1/1600 என்று நான் வைத்துக்கொள்கிறேன். வெளிச்சம் போதாவிட்டால், சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றத் தயங்குவதில்லை. புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலைப் பின்னர் ஓரளவு குறைத்துவிடலாம், கலங்கிய இறக்கையைத் திருத்த முடியாது.

இதனோடு ஒட்டிய இன்னொரு மயக்கம், ஐஎஸ் இருந்தால் எஃப் 2.8 லென்ஸ் வேண்டியதில்லை என்பது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). 300 மி.மீ.யில் இந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பதால், என்னுடைய 1/80 அங்கே 1/320 ஆகியிருக்கும். அதற்காக இரண்டு கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும் என்பதும் உண்மை. 630 கிராம் எடையுள்ள இதைக் காலை முழுவதும் தோளில் மாட்டிக்கொண்டு கரையில் நடக்கலாம். அந்த ஒன்றுக்காகவே இதை நான் விற்கவில்லை.

பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தி எடுப்பதும் பலருக்குப் பழக்கம். பாதி அழுத்தியதும்தான் ஐஎஸ் விழித்துக்கொள்கிறது. வியூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருக்கும் காட்சி நிலைகொள்ள ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கிறது. அதற்கு முன் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் பலர் ‘ஐஎஸ் வேலை செய்யவில்லை’ என்று கடைக்குப் போகிறார்கள். பறவையைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பி எடுக்கும் பேனிங்குக்கு இரண்டாம் நிலை இருக்கிறது. அது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் அடக்கும். டிரைபாடில் பொருத்தினால், இந்தத் தலைமுறை லென்ஸில் ஐஎஸ்ஸை அணைத்துவிடுவதே நல்லது.

கூர்மை குறைந்த எல்லாப் படங்களுக்கும் லென்ஸின்மேல் பழி போடுவது இன்னொரு தவறு. 200 மி.மீ.யை விட 300 மி.மீ.யில் இது சற்று மென்மையாகத்தான் இருக்கிறது, எஃப் 8க்கு மூடினால் தெளிகிறது. ஆனால் அப்படி மூடும்போது ஒரு ஸ்டாப் ஒளி போய், ஷட்டர் வேகக் கணக்கு மறுபடியும் இடிக்கும். அதைவிட, நண்பகலில் தண்ணீருக்கும் காய்ந்த தரைக்கும் மேலே எழும் கானல் அலைகளுக்கு ஊடாகத் தொலைவில் உள்ள கூட்டை எடுத்தால், எந்த லென்ஸாலும் அதைத் தெளிவாக்க முடியாது. மலிவான யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காலை எட்டு மணிக்கு முன்பு அதே கூட்டை எடுத்துப் பார்த்த பிறகு லென்ஸைத் திட்டலாம்.

2005 மாடலுக்கென்றே சில கவனங்கள் உண்டு. ஃபோகஸ் செய்யும்போது முன்கண்ணாடி சுழல்வதால், வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பி வைத்துவிட்டு ஃபோகஸ் செய்தால் அந்த நீலம் மாறியிருக்கும். முதலில் ஃபோகஸ், பிறகு ஃபில்டர். ஆட்டோஃபோகஸில் இருக்கும்போது ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருகக் கூடாது. பொத்தானைக் கையால் ஃபோகஸ் செய்யும் எம்எஃப்புக்குத் தள்ளிய பிறகே திருக வேண்டும். பக்கவாட்டு வெயிலை மறைக்கும் ஹுட் தனியாக விற்கப்பட்டது என்பதால் பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. மாலை வெயிலுக்கு எதிரே நின்று எடுப்பவர்கள் தேடி வாங்கிக்கொள்ளட்டும்.

படம் எடுத்த கையோடு லென்ஸைக் கழற்றுவதும் வேண்டாம். உள்ளே ஐஎஸ் ஓடும் மெல்லிய ரீங்காரம் நின்ற பிறகு, கேமராவை அணைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அந்தக் கண்ணாடித் தொகுதி பூட்டப்படாமல் விட்ட நிலையில் இருக்கும். பையில் வைக்கும்போது ‘கடகட’ என்று ஒலிக்கும். முதல் முறை அதைக் கேட்டபோது லென்ஸ் உடைந்துவிட்டது என்றே நினைத்து, பேருந்தில் மதுராந்தகம் வரும்வரை பையை மடியிலிருந்து இறக்காமல் வந்தேன். வீட்டில் மறுபடியும் கேமராவில் மாட்டி, பாதி அழுத்தி, ரீங்காரம் அடங்கக் காத்திருந்து கழற்றினேன், ஒலி நின்றுவிட்டது.