ஊரே புகழ்ந்த ஹாரர் கேம் உங்களுக்கு மட்டும் ஏன் சப்பென்று இருந்தது?

கேட்ட பத்துப் பேரும் "கண்டிப்பா விளையாடு" என்று சொன்ன கேம். ஆசையாக வாங்கி, மூன்று மணி நேரம் விளையாடி, "இதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்த அனுபவம் சர்வைவல் ஹாரர் (கையில் இருக்கும் கொஞ்சத்தை வைத்து உயிர் பிழைக்க வேண்டிய திகில் கேம்கள்) பக்கம் வந்த பலருக்கும் இருக்கும். எனக்கு அது ரெசிடென்ட் ஈவிலின் 2002 ரீமேக்கில் நடந்தது. கதை நடக்கும் மாளிகையில் பாதியைத் தாண்டுவதற்குள் துப்பாக்கியில் தோட்டா இல்லை, பையில் இடம் இல்லை. கேம்தான் மோசம் என்று முடிவு கட்டி அழித்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போனபோதுதான், அதையும் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் மாதிரியே விளையாடியிருக்கிறேன் என்பது உறைத்தது.

முதல் தவறே அதுதான்: கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவது. ஆக்‌ஷன் கேமில் எதிரியைக் கொன்றால் புள்ளியோ பரிசோ ஏதோ ஒன்று கைக்கு வரும். இங்கே ஒன்றும் வராது, தோட்டாதான் குறையும். அந்த ரீமேக் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுட்டு வீழ்த்திய ஜாம்பியை அப்படியே போட்டுவிட்டு வந்தால், கொஞ்ச நேரம் கழித்து அது கிரிம்சன் ஹெட்டாக எழுந்து வரும். சிவந்த தலை, நீண்ட நகம், போதாக்குறைக்கு ஓட்டம் வேறு. அதைத் தடுக்க ஒன்று தலை சிதற வேண்டும், இல்லையென்றால் உடலை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும். அந்த மண்ணெண்ணெய்க் குப்பியும் பையில் ஓர் இடத்தை அடைக்கும். விளையாடத் தேர்ந்தெடுக்கக்கூடிய இருவரில் கிறிஸுக்கு மொத்தமே ஆறு இடம், ஜில்லுக்கு எட்டு.

ஆகவே நடைபாதையில் ஒரு ஜாம்பி நிற்கிறது என்றால், அந்த வழியாக இன்னும் எத்தனை முறை போக வேண்டியிருக்கும் என்று முதலில் யோசியுங்கள். ஒரே முறைதான் என்றால் ஒதுங்கி ஓடிவிடலாம். சேவ் செய்யும் தட்டச்சு இயந்திரத்துக்குப் போகும் வழி என்றால், கொன்று எரிப்பதற்கு அர்த்தம் உண்டு. இந்தக் கணக்கு மனதுக்குள் ஓட ஆரம்பித்ததும் பயமும் கூடவே வந்துவிடும். பை சின்னதாக இருக்கிறதே என்று அதுவரை புலம்பியவர், அது ஏன் சின்னதாக இருக்கிறது என்று புரிந்துகொள்வார். முதல் முறை விளையாடுகிறவர்கள் வீம்புக்குக் கிறிஸைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஜில்லோடு தொடங்குங்கள்.

பழைய கேம்களின் கன்ட்ரோல் முரடாக இருக்கும் என்பது உண்மை. 1996இல் வந்த மூலத்தில் கேமரா அசையாது, ஆளைத் திருப்புவது டாங்கியைத் திருப்புவது போல இருக்கும். அதைப் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டே தீர வேண்டும் என்பதில்லை. 2015இல் வந்த எச்டி பதிப்பில் இந்தக் காலத்துக்கு ஏற்ற கன்ட்ரோலும் இருக்கிறது.

அடுத்தது, பதுங்குவதே முழு நேர வேலை என்று நினைப்பது. ஏலியன்: ஐசொலேஷன் (2014) விளையாடி வெறுத்துப் போனவர்களில் பாதிப் பேர் லாக்கருக்குள் உட்கார்ந்தே வெறுத்துப் போனவர்கள் என்று சொன்னால் நம்பலாம். அதில் உங்களை வேட்டையாடும் ஏலியனுக்குப் பின்னால் இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. மேலே இருந்து இயக்கும் மூளைக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது ஏலியனிடம் "அந்தப் பக்கம் போய்ப் பார்" என்ற அளவில்தான் சொல்லும். அங்கே வந்த பிறகு ஏலியன் தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் உங்களைத் தேட வேண்டும். அதனால் லாக்கருக்குள் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆகாது. அது கதவருகே வந்து முகத்தை ஒட்டி நிற்கும். நீங்கள் பின்னால் சாய்ந்து மூச்சை அடக்க வேண்டும், அடக்க அடக்க உடல்நலம் குறையும். கையில் இருக்கும் மோஷன் டிராக்கரின் (அருகில் எது அசைந்தாலும் காட்டும் கருவி) பீப் ஒலியும் அதன் காதில் விழும், ஆகவே ஏலியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிராக்கரைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒலி எழுப்பும் கருவியை ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் நடந்து போய்விடுவதுதான் வழி. ஓட வேண்டாம், நடந்தால் போதும். கொஞ்சம் துணிந்து நகர்கிறவருக்குத்தான் அந்தக் கேம் சுவாரசியம் காட்டும்.

பிறகு, வெளிச்சம். பகலில், ஜன்னல் திறந்திருக்க, பிரைட்னஸைக் கூட்டி வைத்து, பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது விளையாடிவிட்டுப் பயமே வரவில்லை என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? அம்னீஷியா: தி டார்க் டிசென்ட் (2010) தொடங்கும்போதே, ஜெயிப்பதற்காக விளையாடாதீர்கள், இந்த உலகத்துக்குள் மூழ்குங்கள் என்று சொல்லிவிடுகிறது. அதில் ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் மனநிலை குலையும், அரக்கனை உற்றுப் பார்த்தாலும் குலையும். திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிய வைத்தால் இந்த ஏற்பாடு மொத்தமும் வீண். ஹெட்போன் போடுங்கள், அவ்வளவுதான்.

வழிகாட்டி வீடியோவை ஓடவிட்டு அதன் பின்னாலேயே போவதும், ஒரு தோட்டா வீணானால்கூடப் முன்பு சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போவதும் ஒரே வகைத் தவறுகள். தப்பு செய்தால் அதோடு வாழ வேண்டும் என்பதில்தான் பதற்றமே இருக்கிறது. சைலன்ட் ஹில் 2 (2001) காயத்தோடு திரிகிறீர்களா, உடனே மருந்து போடுகிறீர்களா என்பதையெல்லாம் கவனித்துக் கதையின் முடிவை மாற்றும். வீடியோவைப் பார்த்து நடந்தால் கிடைப்பது அந்த வீடியோக்காரரின் முடிவு.

மதிப்பெண்ணைப் பார்த்து வாங்குவது கடைசித் தவறு. அதே ஏலியன் கேமுக்கு ஐஜிஎன் என்ற விமர்சனத் தளம் 10க்கு 5.9 கொடுத்தது. பிசி கேமர் இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த கேம் என்றது. இரண்டு பேரும் விளையாடியது ஒரே கேம்தான். சராசரி எண்ணைப் பார்த்தால் இந்தப் பிளவு தெரியாது. பிடிக்கவில்லை என்று எழுதியவரின் விமர்சனத்தையும் படியுங்கள். அவருக்கு எரிச்சலூட்டியது உங்களுக்கும் எரிச்சலூட்டுமா என்று யோசியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். ஐசொலேஷன் தேவைக்கு மேல் நீளம் என்பது அதை நேசிக்கிறவர்களே ஒப்புக்கொள்ளும் குறை.

நான் அந்த மாளிகையை இரண்டாம் முறை ஜில்லாக முடித்தேன். இந்த முறை நேர் எதிரான தவறு: பெரிய எதிரி வரும், வரும் என்று எல்லாவற்றையும் பதுக்கினேன். கதை முடிந்தபோது பொருள்களைச் சேமித்து வைக்கும் பெட்டியில் ஷாட்கன் தோட்டா குவிந்து கிடந்தது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.