மூச்சுக்குழாயில் டியூப் போட வருகிறது, சரி. வாய் திறந்து சொல்ல வருகிறதா?

நார்வேயிலும் டென்மார்க்கிலும் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நின்று மயக்கத்தைக் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் அதற்கென்றே படித்த நர்ஸ்தான். இந்தப் படிப்புக்கு வருகிறவர்களின் கைத்திறனை மட்டும் பார்த்தால் போதாது. அதனால் ஸ்காட்லாந்தில் மயக்க மருத்துவர்களுக்காக உருவான, கைத்திறன் தவிர்த்த திறன்களை மதிப்பிடும் ‘ஆன்ட்ஸ்’ அளவுகோலை, நர்ஸ்களுக்கு ஏற்றபடி மாற்றி அங்கே பயன்படுத்துகிறார்கள். சூழ்நிலையைக் கவனித்தல், முடிவெடுத்தல், வேலையை ஒழுங்குபடுத்துதல், குழுவோடு இணைந்து செய்தல் என அதில் நான்கு பகுதிகள். படிவத்தில் குறையில்லை. அதை நிரப்புகிற பயிற்சியாளர்களான நம்மிடம்தான் கோளாறு.

முதல் தவறு, ஆளைப் பற்றி எழுதுவது. ‘தன்னம்பிக்கை குறைவு’ என்று எழுதினால் மாணவர் நாளைக்கு எதை மாற்றிக்கொள்வார்? கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை எழுதுங்கள். “சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 91 என்று சொன்னார். யாரும் திரும்பவில்லை. மறுபடி சொல்லவில்லை.” இது போதும்.

முதல் முயற்சியிலேயே டியூப் போட்டவருக்குக் குழு வேலையிலும் தானாக நல்ல மார்க் விழுந்துவிடுவது இன்னொன்று. “எபெட்ரின் 10 மில்லிகிராம்” என்று கேட்டதும், பிரஷரை உயர்த்தும் அந்த மருந்தை ஏற்றிவிட்டு, “எபெட்ரின் 10 போயாச்சு” என்று திருப்பிச் சொன்னாரா? அந்த டியூபின் ஜோரில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அமைதியான மாணவர் பாடு இன்னும் மோசம். பேசாதவர் கவனிக்கவில்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். மனதில் ஓடியது, “பிரஷர் இறங்கியபோது என்ன நினைத்தீர்கள்?” என்று அப்புறம் கேட்டால்தான் தெரியும். சுலபமான கேஸில் முடிவெடுக்க வேண்டிய கட்டமே வராமல் போகலாம். அங்கே ‘பார்க்க வாய்ப்பில்லை’ என்று எழுதுவதே நேர்மை, குறைந்த மார்க் போடுவதல்ல. மானிட்டர் கத்தியதும் நாமே பாய்ந்து சரிசெய்துவிட்டு, ‘முடிவெடுக்கத் தயங்குகிறார்’ என்று குறிப்பது அதைவிட அநியாயம். நோயாளிக்கு ஆபத்தென்றால் பாயத்தான் வேண்டும். அந்தக் கட்டத்துக்கு மட்டும் மார்க் போடாமல் விடுங்கள்.

மாதக்கணக்கில் நடந்ததைக் கடைசி வாரத்தில் ஞாபகத்திலிருந்து நிரப்புவதும் வீண் வேலை. அன்றைய கேஸுக்கு அன்றே இரண்டு வரி எழுதிவிடலாம்.

எழுதியதை மாணவரிடம் சொல்லும் இடத்தையும் பாருங்கள். ஸ்பைனல், அதாவது முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போக வைத்த நோயாளி, திரைக்கு இந்தப் பக்கம் கண் விழித்துத்தான் படுத்திருக்கிறார். “அந்த டோஸை ஏன் லேட்டாகக் கொடுத்தாய்?” என்ற கேள்வி முதலில் விழுவது அவர் காதில்.